டான்பரி ட்ராஷர்ஸ் பற்றி யாரிடமாவது ஏதாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2004 முதல் 2006 வரை இரண்டே சீசன் ஆடிய டான்பரி ட்ராஷர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியைப் பற்றி எழுதுகிறேன். குப்பை அள்ளும் தொழிலில் பணம் பார்த்த ஜேம்ஸ் கலான்டி தொடங்கி, 17 வயது மகனிடம் நிர்வாகத்தைக் கொடுத்த அணி. பெயர்க்காரணமும் அந்தத் தொழில்தான்! அடிதடிக்குப் பேர்போனவர்கள், ஆனாலும் 2006-இல் இறுதிச்சுற்று வரை போய் கலமசூ விங்ஸிடம் தோற்றார்கள். அதே ஆண்டு கலான்டி கைதாக, அணியும் கலைந்தது.

கலான்டி மீதான வழக்கு பற்றி வேண்டிய மட்டும் கிடைக்கிறது, ஆட்டத்தைப் பற்றித்தான் பஞ்சம். அணி ஆடிய யுனைடெட் ஹாக்கி லீக் தொடரின் ஸ்கோர் விவரங்கள், மைதானத்தில் விற்ற கையேடுகள், குறிப்பாக புகழ்பெற்ற ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கியின் தம்பி பிரென்ட் ஆடிய ஆட்டங்களின் செய்திகள் வேண்டும். டான்பரி பக்கம் இருப்பவர்கள் நூலகத்தில் பழைய நாளிதழ்களைப் பார்த்துச் சொல்வீர்களா? போன் படம் போதும்.