டிசம்பர் 25 யாருடைய நாள்?

நெருப்புக்குச்சி:
வருஷா வருஷம் சொல்றதுதான். டிசம்பர் 25 ரோமானியர்களோட 'வெல்லப்படாத சூரியன்' பிறந்தநாள். கி.பி. 274-ல் பேரரசர் அவுரேலியன் அந்தச் சூரியனுக்கு ரோமில் கோயிலே கட்டினார். சர்ச் தேதியைச் சுட்டுடுச்சு, அவ்வளவுதான். பைபிள்ல தேதி இருக்கா?

எலியா77:
நீங்க நாத்திகர், நான் பெந்தெகோஸ்தே. ஆனா இதுல உங்க கட்சிதான். எரேமியா 10 வாசிங்க. காட்டு மரத்தை வெட்டி, வெள்ளியாலும் பொன்னாலும் அலங்கரிக்கிறது புறஜாதிகளோட வழி. எங்க வீட்ல மரமும் கிடையாது, ஸ்டாரும் கிடையாது.

முத்துக்குளித்துறையான்:
பிரதர், பாதியில நிறுத்திட்டீங்களே. தச்சன் வாச்சியால செதுக்குறான், அது பேசாது, நடக்காது, தூக்கித்தான் சுமக்கணும்னு அங்கேயே வருது. அது சிலை. கிறிஸ்துமஸ் மரம் எரேமியாவுக்கு ரெண்டாயிரம் வருஷம் பிந்தினது. 1605-ல் ஸ்ட்ராஸ்பூர்க்ல ஒருத்தர் எழுதி வச்சிருக்கார்: வீட்டுக்குள்ள ஃபிர் மரம், அதுல காகித ரோஜா, ஆப்பிள். டிசம்பர் 24 ஆதாம் ஏவாள் திருநாள். ஜெர்மன் ஊர்கள்ல ஏதேன் நாடகத்துக்கு ஆப்பிள் கட்டின மரம் வைப்பாங்க. ஆப்பிள் வேற எங்கேருந்து வந்திருக்கும்?

நெருப்புக்குச்சி, 'சுட்டது'க்கு ஆதாரம் 354-ம் வருஷ ரோம நாட்காட்டிதானே? அதுல டிசம்பர் 25-க்கு நேரா 'வெல்லப்படாதவர் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயம்'. அதே தொகுப்புல இன்னொரு பட்டியல், 336 வாக்குல எழுதினது. அதே தேதிக்கு 'யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார்'. இதுல யார் யாரைச் சுட்டது? மார்ச் 25-ல் கருவானார், அதே நாள்ல சிலுவையில் இறந்தார்னு ஒரு பழைய கணக்கும் உண்டு. ஒன்பது மாசம் கூட்டிப் பாருங்க.

நெருப்புக்குச்சி:
கூட்டல் கழித்தல் கிடக்கட்டும். 5-ம் நூற்றாண்டுல போப் லியோ கிறிஸ்துமஸ் பிரசங்கத்துலயே புலம்பியிருக்காரே! ஜனங்க புனித பேதுரு ஆலயப் படியேறுறாங்க. மேல வந்ததும் உள்ளே போகாம திரும்பி நின்னு, உதிக்கிற சூரியனுக்குத் தலைவணங்குறாங்க. கும்பிட்டது யாரை?

முத்துக்குளித்துறையான்:
அதை நான் எங்க மறுத்தேன்? அந்த ஆலயத்துக்கு அடியில ஒரு பழைய கல்லறை இருக்கு. கூரையில் தங்க நிற மொசைக், சுத்தி திராட்சைக் கொடி, நடுவுல தலையில் கதிர் வீச தேரோட்டுறவர். சூரியதேவன் கோலம், ஆனா கிறிஸ்துன்னுதான் பெரும்பாலோர் சொல்றாங்க. பைபிள்ல மல்கியா புத்தகத்துல 'நீதியின் சூரியன்' இருக்கே. வரைஞ்சவனுக்குத் தெரிஞ்ச சூரியன் அதுதான், அதையே வரைஞ்சான். திருட்டுன்னு எனக்குத் தோணலை.

எலியா77:
இதுக்குப் பேர்தான் கலப்படம். பியூரிட்டன்கள், அதாவது சர்ச்சைச் சுத்தப்படுத்தணும்னு நின்ன ஆங்கில புராட்டஸ்டன்ட்டுகள், சும்மாவா 1659-ல் மாசசூசெட்ஸ்ல கிறிஸ்துமஸ் கொண்டாடினா 5 ஷில்லிங் அபராதம்னு சட்டம் போட்டாங்க?

முத்துக்குளித்துறையான்:
1681-ல் அந்தச் சட்டத்தை அவங்களே தூக்கிட்டாங்க, அதையும் சொல்லுங்க. சரி, நீங்க ஆராதனைக்குப் போறது என்ன கிழமை பிரதர்?

எலியா77:
ஞாயிறு.

முத்துக்குளித்துறையான்:
ஞாயிறுன்னா?

எலியா77:
நாங்க கர்த்தருடைய நாள்னுதான் சொல்வோம்.

நெருப்புக்குச்சி:
சபை போர்டுல என்ன எழுதியிருக்கு பிரதர்? 😄