தைல மரத்தைத் துளைக்கும் நீள்கொம்பு வண்டு: கண்டதும் செய்ய வேண்டியதும்

ரிவர்சைடு பக்கம்
ரிவர்சைடு நகரம் இருக்கும் தென் கலிஃபோர்னியாவில் யூகலிப்டஸ் (தைல மரம்) திடீரென்று காய்ந்தால் முதலில் பட்டையைப் பெயர்த்துப் பாருங்கள். ஃபோராகாந்தா செமிபங்டேட்டா என்ற இந்த வண்டு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. இங்கே 1984இல் கண்டுபிடித்தார்கள். பெண் வண்டு உரிந்து தொங்கும் பட்டைக்கு அடியில் வெளிர்மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இடும். வெயில் நாளில் நாலைந்து நாளில் பொரிந்துவிடும். குஞ்சுப்புழு உடனே உள்ளே இறங்காது. பட்டைமேல் கொஞ்சம் கொறித்தபடி கருங்கோடு இழுக்கும், பிறகுதான் துளைக்கும். அந்தக் கோடுதான் நல்ல அடையாளம். பட்டைக்கும் மரக்கட்டைக்கும் நடுவே உள்ள வளரும் அடுக்கான கேம்பியத்தை எட்டியதும் சுரங்கம் அகலமாகி ஒரு மீட்டருக்கு மேலும் போகும். நாலைந்து புழுக்களின் சுரங்கம் தண்டைச் சுற்றி வளைத்தால் மேலே சத்து ஏறவும் இறங்கவும் வழி இராது. புதிதாக வெட்டிய கட்டையில் கோடையில் 70 நாளில் வண்டாகி வெளியேறும், உலர்ந்த கட்டையில் 180 நாள்கூட ஆகலாம்.

பட்டை ஈரம்
மரத்தின் காவல் பட்டையின் ஈரம்தான். ஈரம் நிறைந்த பட்டைக்குள் குஞ்சுப்புழு பிழைக்காது. தண்டில் சிவப்புப் பிசின் வழிகிறதே, மரம் போச்சு என்று பலர் வெட்டிவிடுகிறார்கள். பிசின் வழிந்தால் மரம் இன்னும் போராடுகிறது என்று பொருள். பிசினே இல்லாமல் இலை வாடினால்தான் கவலை.

புல்தரைத் தெளிப்பானின் தினசரிப் பத்து நிமிடம் மேல்மண்ணோடு நின்றுவிடும். கிளைப் பரப்பின் வெளி விளிம்புக்குக் கீழே மண்ணில் ஓரடி ஆழமாவது நனையும்படி மாதம் ஒருமுறை விடுங்கள். தண்டடியில் ஊற்றினால் வேர் அழுகும்.

விறகு அடுக்குபவர்களுக்கு
வெட்டிய கட்டையின் வாசனைதான் வண்டுக்கு அழைப்பு. கலிஃபோர்னியாவின் தெற்குக் கடலோரத்தில் கிளை கழிப்பதை டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வண்டு நடமாட்டம் குறைவு. விறகைப் பட்டை உரித்து அடுக்குங்கள். முடியாவிட்டால் வெயில் தாங்கும் தெளிவான பிளாஸ்டிக்கால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து ஆறு மாதம் விடுங்கள். ஒரு கிழிசல் போதும், உள்ளே பிறந்தவை எல்லாம் வெளியே. பட்டையோடு விறகை வேறு ஊருக்கு ஏற்றிச் செல்லவே கூடாது. பட்டைக்கு அடியில் போய்விட்ட புழுவைத் தெளிக்கும் மருந்து தொடாது, காசுதான் நஷ்டம்.

பெர்த்
பிறந்த மண்ணில் இதே வண்டு விழுந்த கிளையிலும் சாகும் மரத்திலும்தான் இருக்கும். 2010இன் வறட்சியும் 2011 தொடக்கத்தின் வெப்ப அலையும் சேர்ந்தபோது மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் பக்கத்து ஜாரா (ஒரு யூகலிப்டஸ் வகை) காட்டில் நின்ற மரங்களிலேயே பெருகியது. மரம் தளர்ந்த பிறகுதான் வண்டு வந்தது. எனவே காய்ந்த மேல்பாகத்தைப் பார்த்ததும் ரம்பத்தை எடுக்காதீர்கள். ஜாரா அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

ரிவர்சைடு பக்கம்
ஒரு திருத்தம்: இப்போது கலிஃபோர்னியாவில் பிடிபடும் வண்டு பெரும்பாலும் வேறு இனம். முட்டையைத் தாக்கும் அவெட்டியனெல்லா லோங்கோய் என்ற நுண்குளவியை விட்ட பிறகு செமிபங்டேட்டா ஒடுங்கியது. 1995இல் வந்த ஃபோராகாந்தா ரெகர்வாவின் முட்டைக்குள் அதே குளவி இடும் முட்டை செல்களால் சூழப்பட்டு மடிந்துவிடும், அதனால் ரெகர்வா அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. முதுகு ஓடு கரும்பழுப்பாகி குறுக்கே வெளிர்நிறக் கோடு ஓடினால் செமிபங்டேட்டா. ஓடு பெரும்பகுதி வெளிர்மஞ்சளாக இருந்தால் ரெகர்வா.

புதிதாக நடுபவர்கள் நீலகிரித் தைலம் எடுக்கும் குளோபுலஸைத் தவிருங்கள். விமினாலிஸ், டைவர்சிகலர் என்ற யூகலிப்டஸ் இனங்களும் அதைப் போலவே இந்த வண்டுக்கு எளிதில் இலக்காகும். கமால்டுலென்சிஸ், கிளாடோகேலிக்ஸ், சைடராக்சிலான் மூன்றும் வறட்சியை நன்றாகத் தாங்கும்.