புதிதாக வாங்கிய காக்டீல் ஐந்து நாளாக வாயே திறக்கவில்லை

பாளைக்காரன்:
வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சாம்பல் நிற காக்டீல் (கொண்டை வைத்த சின்னக் கிளி) வாங்கினேன். நாலு மாதக் குஞ்சு என்றார்கள். கடையில் இருபது பறவைகளோடு இருந்தபோது நன்றாக விசில் அடித்துக்கொண்டிருந்தது, அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒரு சத்தம் இல்லை. மேல் கட்டையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. கையை நீட்டினால் கடிப்பதும் இல்லை, பறப்பதும் இல்லை, சிலை மாதிரி இருக்கிறது. காலையில் அசைவே கிடையாது. மதியத்துக்கு மேல் கொஞ்சம் நகரும். வைத்த தினை கிண்ணத்தில் அப்படியே கிடக்கிறது.

விற்றவருக்குப் போன் போட்டேன். ஒரு மஞ்சள் பொடி பெயரைச் சொல்லித் தண்ணீரில் கலக்கச் சொன்னார். வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் கலக்கவில்லை. அம்மா "பாவம்டா, திருப்பிக் கொடுத்துடு" என்கிறார். இது பயமா, நோயா? எப்படித் தெரிந்துகொள்வது?

கோவை சிறகு:
பயம்தான் நண்பரே. என் லவ் பேர்ட்ஸ் இரண்டு வாரம் ஊமையாக இருந்துவிட்டு அப்புறம் வீட்டையே ரெண்டாக்கியது. கையை உள்ளே விடாதீர்கள். மெதுவாக ரேடியோ போட்டு வையுங்கள், போதும்.

திருவரங்கம் அக்கா:
தம்பி, முதலில் அந்தப் பொடியைக் கலக்காதீர்கள். அது ஆன்டிபயாடிக்காக இருக்கும். என்ன நோய் என்று தெரியாமல் எதற்கு மருந்து? தண்ணீர் கசந்தால் பறவை குடிப்பதையே நிறுத்திவிடும். காக்டீல் ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிப் பறவை, தண்ணீரே கொஞ்சமாகத்தான் குடிக்கும். அதில் எத்தனை சொட்டு மருந்து உள்ளே போகும் என்று யார் கணக்குப் பார்ப்பது?

"பயம்தான்" என்று பார்க்காமலே சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. 2016இல் ஒரு பெண் காக்டீல் வாங்கினேன். ஒன்பது நாள் அமைதியாக இருந்தது. சாதுவான பறவை என்று அக்கம்பக்கத்தில் எல்லாரிடமும் சொன்னேன். பத்தாம் நாள் காலை கூண்டின் அடியில் கிடந்தது. கையில் எடுத்தபோது நெஞ்செலும்பு கத்தி முனை மாதிரி விரலில் குத்தியது. அத்தனை நாளும் சரியாகச் சாப்பிடாமல் கரைந்துகொண்டிருந்திருக்கிறது. இறகு மூடியிருந்ததால் எனக்குத் தெரியவே இல்லை. பறவை நோயை மறைக்கும். கூட்டத்தில் சோர்ந்து தெரிகிற பறவையைத்தான் பருந்து முதலில் குறி வைக்கும், அதனால் முடிகிற வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கும்.

இரண்டு அமைதியும் பார்வைக்கு ஒன்று போல இருக்கும், ஆனால் ஒன்றல்ல. பயந்த பறவை இறகை உடம்போடு ஒட்ட வைத்து ஒல்லியாகத் தெரியும், கண் அகலத் திறந்திருக்கும், கொண்டை நட்டுக்கொண்டு நிற்கும், நீங்கள் நகர்ந்தால் கண் உங்களோடு வரும். நோய்ப்பட்டது சீக்குக் கோழி மாதிரிதான். பகலிலேயே உப்பிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி, கண் செருகித் தூங்கி வழியும். ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

தினைக் கிண்ணத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு முறை மேலே ஊதிப் பாருங்கள். பறவை தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அங்கேயே போடும், கிண்ணம் நிறைந்த மாதிரியே தெரியும். உமி பறந்தால் சாப்பிடுகிறது என்று அர்த்தம். அடியில் வெள்ளைத்தாள் விரித்து எச்சத்தையும் பாருங்கள். பச்சைச் சுருள், மேலே வெள்ளை, சுற்றிக் கொஞ்சம் ஈரம், இதுதான் சரியானது. பச்சையே இல்லாமல் வெள்ளையும் தண்ணீருமாக இருந்தால் வயிற்றில் ஒன்றும் இல்லை.

எடை கட்டாயம். சாயங்காலம் விளக்கை அணைத்து, மெல்லிய துண்டால் பிடித்து, ஓட்டை போட்ட சின்ன அட்டைப்பெட்டியில் விட்டு, சமையல் தராசில் வையுங்கள். பெட்டி எடையைக் கழித்துவிடுங்கள். இன்று இருப்பதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் காத்திருக்க வேண்டாம். உங்கள் திருநெல்வேலியிலேயே ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பாளைக்காரன்:
அக்கா, ஊதினேன். மேலே முழுக்க உமிதான், அடியில் பாதிக் கிண்ணம் காலி! ஐந்து நாளாக அந்த உமியைப் பார்த்துத்தான் கவலைப்பட்டிருக்கிறேன். எடை 84 கிராம். நேற்றிரவிலிருந்து தாளில் இருபதுக்கு மேல் எச்சம், எல்லாவற்றிலும் பச்சை இருக்கிறது. உப்பவில்லை, ஒல்லியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. வாலும் ஆடவில்லை. ஆனால் காலையில் மட்டும் ஏன் அப்படி உறைந்துபோகிறது என்று புரியவில்லை.

திருவரங்கம் அக்கா:
84 நல்ல எடைதான். நெஞ்சு கொஞ்சம் லேசானது எனக்கு. கூண்டு எங்கே இருக்கிறது? காலையில் அதன் கண்ணுக்கு என்ன தெரியும்? கூண்டின் உயரத்துக்குக் குனிந்து, அது பார்க்கிற பக்கம் நீங்களும் பாருங்கள்.

பாளைக்காரன்:
வெளிச்சம் வரட்டும் என்று கிழக்கு ஜன்னலை ஒட்டி வைத்திருந்தேன். இன்று காலை ஆறரைக்கு நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அம்மா வழக்கம்போல அந்த ஜன்னல் திண்டில் காக்கைக்குச் சோறு வைத்தார். ஏழு காக்கை. கம்பியிலிருந்து கூண்டுக்கு ஒரு சாண் தூரம் கூட இல்லை. ஒன்று கம்பிக்குள் அலகை விட்டு எட்டிப் பார்த்தது. இது கொண்டையை நட்டுக்கொண்டு மூச்சுகூட விடாத மாதிரி நின்றது. சோறு தீர்ந்த பிறகும் காக்கைகள் மதியம் வரை வந்து வந்து போகின்றன. தினமும் இதைத்தான் அனுபவித்திருக்கிறது. அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

திருவரங்கம் அக்கா:
அம்மா மேல் தப்பே இல்லை, வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆபத்து பக்கத்தில் இருந்தால் சத்தம் போடாமல் உறைவதுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. கூட்டத்தோடு இருந்தால் மற்றவை பார்த்துக்கொள்ளும், இங்கே தனியாக அதுவே காவல் இருக்க வேண்டியிருக்கிறது. உள் சுவரை ஒட்டிக் கூண்டை மாற்றுங்கள், இரண்டு பக்கம் பழைய பருத்திச் சேலையால் மூடுங்கள், ஒளிய ஓர் இடம் இருக்கட்டும். சமையலறைப் பக்கம் மட்டும் வேண்டாம். நான்ஸ்டிக் தவா அதிகம் சூடேறினால் வரும் புகை பறவையைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். இரவில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், முழு இருட்டில் காக்டீல் திடுக்கிட்டு அடித்துக்கொள்ளும்.

பாளைக்காரன்:
நாலு நாள் ஆகிறது. கூண்டை மாற்றிவிட்டோம். அம்மா காக்கைச் சோற்றை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். முழங்கால் வலியோடு தினமும் ஏறுகிறார், வேண்டாம் என்றாலும் கேட்பதில்லை. எடை 87. நேற்று நான் பக்கத்தில் இருக்கும்போதே தினை தின்றது, ஒற்றைக் காலில் நின்று அலகைக் கரகரவென்று அரைத்துக்கொண்டே தூங்கியது. இன்று காலை பால்காரர் சைக்கிள் மணி அடித்ததும் சேலைக்குப் பின்னாலிருந்து சின்னதாக ஒரு விசில். அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தார்.

திருவரங்கம் அக்கா:
அலகை அரைத்தால் நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தம் தம்பி. பெண்ணாக இருந்தால் விசில் கம்மியாகத்தான் இருக்கும், அதையும் அம்மாவிடம் இப்போதே சொல்லிவையுங்கள். எடையை இன்னும் இரண்டு வாரம் எழுதி வையுங்கள்.