கோத்தகிரி: மேட்ச் நேரத்தில் மட்டும் நெட் சுத்துது, பெரிய பிளானுக்கு மாறினால் தீருமா?

அரவேணு_வாசி:
அரவேணு பக்கம் வீடு. லோக்கல் கேபிள்காரரிடம் எடுத்த ஃபைபர், 100 எம்பிபிஎஸ் பிளான். பகலில் ஒரு குறையும் இல்லை, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன், மகளின் ஆன்லைன் வகுப்பும் ஓடுகிறது. ஐபிஎல்லில் சென்னை ஆடுகிற அன்றைக்குத்தான் வம்பு. முதல் சில ஓவர் கண்ணாடி மாதிரி தெரியும், எட்டரை மணிக்கு மேல் படம் மங்கும், அப்புறம் நடுவில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டில் டிஷ் வைத்திருக்கிறார்கள், அவர்கள் கத்தி முடித்த பிறகுதான் எங்கள் டிவியில் பௌலர் ஓடியே வருகிறார். இதில் கொடுமை என்னவென்றால் அதே நேரத்தில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 90க்கு மேல் காட்டுகிறது. கேபிள்காரரைக் கேட்டால் "200க்கு மாறிக்கோங்க சார்" என்கிறார். மாறினால் தீருமா, இல்லை தண்டச் செலவா?

குன்னூர்_நெட்வொர்க்:
மாறாதீங்க. ஹெச்டி தரத்தில் ஒரு மேட்ச் ஓட 5 முதல் 8 எம்பிபிஎஸ் போதும், 4கே என்றாலும் 25க்குள் அடங்கிவிடும். உங்கள் 100ஐ வைத்து வீட்டில் அறைக்கு ஒரு டிவி ஓட்டலாம்.

தெருவில் வரும் ஃபைபரும் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. ஜிபான் வகை (ஒரே ஃபைபரைப் பல வீடுகள் பகிர்வது) என்றால் ஆபரேட்டர் ஆபீஸில் உள்ள ஓஎல்டி பெட்டியின் ஒரு போர்ட்டில் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிபிபிஎஸ் என்றால் ஆயிரம் எம்பிபிஎஸ்) வரும், அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீட்டுக்குப் பிரிப்பார்கள். 64 வீடும் ஒரே நேரத்தில் 8 எம்பிபிஎஸ்ஸில் மேட்ச் பார்த்தாலும் 512 எம்பிபிஎஸ்தான் ஆகிறது. சிக்கல் அதற்கு மேலே. ஓஎல்டியிலிருந்து மேட்டுப்பாளையம், கோவை என்று கீழே போகும் லைனில் ஆபரேட்டர் எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறார் என்பதுதான் விஷயம். உதாரணத்துக்கு அவரிடம் 100 எம்பிபிஎஸ் இணைப்பு ஆயிரம் இருக்கிறது என்று வையுங்கள், கணக்குப்படி 100 ஜிபிபிஎஸ் வாங்க வேண்டும். யாரும் வாங்க மாட்டார்கள், பெரிய கம்பெனியும் வாங்காது, எல்லோரும் ஒரே நொடியில் இழுக்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது. ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் மேட்ச் அன்று அந்த நம்பிக்கை பொய்த்துவிடுகிறது. ஆயிரத்தில் பாதிப் பேர் 6 எம்பிபிஎஸ்ஸில் பார்த்தாலே 3 ஜிபிபிஎஸ் போய்விடும், அவர் 2 ஜிபிபிஎஸ் வாங்கியிருந்தால் உங்கள் பிளான் 100 ஆனாலும் 500 ஆனாலும் படம் சுற்றத்தான் செய்யும்.

ஸ்பீடு டெஸ்ட் ஏன் 90 காட்டுகிறது என்றால், அது பக்கத்தில் இருக்கிற சர்வரைத் தேடிப் பிடிக்கும், பல சமயம் அது இணையம் தருகிறவரின் நெட்வொர்க்குக்குள்ளேயே இருக்கும். மேட்ச் வரும் பாதை வேறு. டெஸ்டில் சர்வரை நீங்களே மும்பை என்று மாற்றி, மேட்ச் சுற்றிக்கொண்டிருக்கும் போதே போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியலாம்.

பக்கத்து வீட்டுக் கத்தலுக்கு மருந்து கிடையாது. ஆப் வழியாக வரும் வீடியோ சில நொடித் துண்டுகளாக வருகிறது, நாலைந்து துண்டு கையில் சேர்ந்த பிறகுதான் ஓடும், அதனால் டிஷ்ஷைவிட அரை நிமிடம் பின்தங்குவது சகஜம். அதற்காக ஆபரேட்டரைத் திட்டாதீர்கள்.

பூம்பாறை_ஹோம்ஸ்டே:
நான் கொடைக்கானல் பக்கம். இங்கே ஒன்றை மறந்துவிட்டீர்கள், ஐபிஎல் வருவதே நம் சீசனில்தான். ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஊர் நிறைய ஆள், மலைக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் அப்படித்தான். ஒவ்வொரு அறையிலும் நாலு போன், எல்லாவற்றிலும் மேட்ச். ஊர்க்காரர்கள் எண்ணிக்கையை வைத்து வாங்கிய லைன் அன்றைக்கு எப்படித் தாங்கும்? போன் டவரும் அதே கதிதான், டேட்டாவை ஆன் செய்து தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் கேபிள்காரரைக் கூப்பிடுவதற்கு முன் வைஃபையைப் பாருங்கள். எங்கள் பழைய கட்டடம் கருங்கல் சுவர், ரவுட்டர் முன்னறையில், டிவி பின்னறையில். 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் அந்தச் சுவரைத் தாண்டாது, 2.4 தாண்டும் ஆனால் பக்கத்து லாட்ஜ்களின் ரவுட்டர் எல்லாம் அதில்தான் குவிந்து கிடக்கும். ஜன்னல் ஓரமாக லேன் கேபிள் இழுத்து டிவியில் நேராகச் சொருகினேன், பின்னறைத் தொல்லையில் பாதி அதோடு போயிற்று. மீதிப் பாதி குன்னூர் நண்பர் சொன்னதுதான்.

மஞ்சூர்_குளிர்:
எல்லாப் பழியையும் கேபிள்காரர் தலையில் போடாதீங்கப்பா. 2019 உலகக் கோப்பை அரையிறுதியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 2.5 கோடி, 2023 நவம்பர் 19 இறுதிப் போட்டியில் 5.9 கோடி. நாலு வருடத்தில் இரண்டு மடங்குக்கு மேல். 2024 நவம்பரில் டைசன் குத்துச்சண்டையை நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் காட்டியபோது 6.5 கோடி ஸ்ட்ரீம் வரை போனது, அமெரிக்காவிலேயே பலருக்குச் சுற்றியது, அங்கே என்ன மலையா, கல்சுவரா?

நான் பார்ப்பது இப்படித்தான்: படம் முதலில் மங்கி அப்புறம் சுற்றினால் பெரும்பாலும் வழியில் இடமில்லை, ஆப் தானாகத் தரத்தைக் குறைத்துப் பார்த்தும் முடியவில்லை என்று அர்த்தம். தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது பட்டென்று நின்று எர்ரர் காட்டினால் ஆப் பக்கம்தான் கோளாறு. வேறு கம்பெனி நெட் வைத்திருக்கும் நண்பருக்கு அதே நிமிடம் ஒரு போன் போட்டால் உறுதியாகிவிடும்.

இன்னொன்று, இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களுக்கு நெட்டே வேண்டாம். 2007ல் வந்த சட்டப்படி அவற்றின் ஒளிபரப்பைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும், அவர்களின் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வரும், மாதக் கட்டணம் இல்லை. ஐபிஎல் அதில் சேராது. எங்கள் ஊர் மூடுபனிக்கு டிஷ் அசையாது, கனமழைக்குத்தான் கொஞ்ச நேரம் போகும்.

அரவேணு_வாசி:
மங்கித்தான் சுற்றுகிறது, அப்படியென்றால் லைன்தான். இதைக் கேபிள்காரரிடம் கேட்க நமக்கு உரிமை ஏதாவது உண்டா? கெஞ்சிக் கேட்பதோடு சரியா?

குன்னூர்_நெட்வொர்க்:
தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006லேயே பிராட்பேண்ட் தர விதியில் எழுதி வைத்தது: கூட்ட நேரத்தில் லைன் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக் கூடாது, 90ஐத் தாண்டினால் நெரிசல் என்றே அதில் கணக்கு. 2024ல் அந்த விதியின் இடத்தில் புது விதி வந்தது. தேதி, நேரத்தோடு புகார் எழுதி எண் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், உங்கள் தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அதற்கே மதிப்பு உண்டு.

கேபிள்_தொழில்:
நானும் மலையில் இந்தத் தொழில்தான் செய்கிறேன், எங்கள் பக்கமும் கேளுங்கள். எங்கள் ஃபைபர் ஏறி வருவது ரோட்டோரமாக. மழைக்காலத்தில் மரம் விழுந்தாலும், மண் சரிந்தாலும், ரோடு அகலப்படுத்த ஜேசிபி வந்தாலும் முதலில் அறுவது அதுதான், ஒட்டுவதற்கு ராத்திரியில் போய் நிற்கிறோம். ரெண்டு மாத ஐபிஎல்லுக்காக வருடம் முழுக்கக் கூடுதல் பேண்ட்வித் (லைனின் கொள்ளளவு) வாங்கினால் எங்களுக்குக் கட்டாது. ஆனால் 200க்கு மாறச் சொன்னது எனக்கும் சரியாகப் படவில்லை.

உங்கள் கேபிள்காரரிடம் இதை மட்டும் கேளுங்கள்: வீடியோ ஆப்களின் கேஷ் சர்வர் (வீடியோவின் நகலைப் பக்கத்திலேயே வைத்துத் தரும் கம்ப்யூட்டர்) அவருக்கு நெட் தரும் கம்பெனியிடம் எந்த ஊரில் இருக்கிறது, மேட்ச் சீசனுக்கு மட்டும் தற்காலிகமாக லைனை ஏற்றித் தருவார்களா? கேஷ் கோவையிலேயே இருந்தால் சென்னை வரை போகிற நெரிசல் குறையும், மலை ஏறும் லைனை மட்டும் ஏற்றினால் போதும், அது செலவிலும் குறைவு. அதுவரை ஆப்பில் படத் தரத்தில் ஆட்டோவை எடுத்துவிட்டு 720ல் வையுங்கள், டிவியில் பெரிய வித்தியாசம் தெரியாது.