மறு: ‘ஆல்டர்னேட்டிவ் கேரியர்’ – ‘மாற்றுப்பணி’ வேண்டாம், ‘பணிவழி’ போதும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

முனைவர் பட்டம் பெற்றவர்கள் பேராசிரியர் பதவியை விட்டு வேறு வேலைகளுக்குப் போவதை ஆங்கிலத்தில் ‘ஆல்டர்னேட்டிவ் கேரியர்’ என்கிறார்கள். அதற்கும் அதை ஒட்டிய சில சொற்களுக்கும் தமிழில் என்ன வைக்கலாம் என்று நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘மாற்றுப்பணி’ என்றே வைத்துக்கொள்ளலாமே? எளிமையாக இருக்கிறது.

எளிமைதான், ஆனால் எனக்கு உடன்பாடில்லை. எதற்கு மாற்று? பேராசிரியர் பதவிக்கு. உயிர்மருத்துவத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் பேராசிரியராவதே இயல்பு, மற்றதெல்லாம் அது கைகூடாதவர்களுக்கு என்ற எண்ணம் அந்தச் சொல்லிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. நிலவரம் அப்படி இல்லை. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்.ஐ.எச். அமைத்த குழு 2012இல் தந்த அறிக்கையைப் பாருங்கள். இத்துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்களில் நிரந்தரப் பேராசிரியர் பதவியிலோ அதற்கான படியிலோ இருந்தவர்கள் 1993இல் ஏறத்தாழ 34 விழுக்காடு. அறிக்கை வந்தபோது அது 26 ஆகக் குறைந்திருந்தது. நால்வரில் மூவர் போகிற வழிக்கு ‘மாற்று’ என்று பெயர் வைத்தால், ஆய்வகத்தில் இருக்கும் பிள்ளை அந்த வழியைப் பற்றித் தன் நெறியாளரிடம் வாய் திறக்கவே தயங்கும்.

அந்த அறிக்கையை ஒட்டி, மாணவர்களுக்குப் பல வேலைகளையும் அறிமுகப்படுத்த என்.ஐ.எச். தந்த நிதியுதவிதான் ‘பெஸ்ட்’ நல்கை. 2013இல் 10, 2014இல் 7 என மொத்தம் 17 நிறுவனங்களுக்குக் கிடைத்தது. வாண்டர்பில்ட், கார்னெல் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதில் உண்டு. காப்புரிமை, மருந்து ஒழுங்குமுறை, அறிவியல் கொள்கை, அறிவியல் எழுத்து போன்ற வேலைகளில் இருப்பவர்களை மாணவர்கள் சந்திக்கவும், சில இடங்களில் கொஞ்ச காலம் அந்த வேலையைச் செய்து பார்க்கவும் ஏற்பாடு செய்தார்கள். இதனால் ஆய்வு கெட்டுப்போகும் என்ற பயம் நெறியாளர்களுக்கு இருந்தது. 10 நிறுவனங்களின் தரவுகளை வைத்து 2021இல் வெளியான ஆய்வுக்கட்டுரை, பட்டம் முடிக்கும் காலமும் கட்டுரை எண்ணிக்கையும் இதனால் பாதிக்கப்படவில்லை என்று காட்டியது. இதையும் மனத்தில் வைத்துச் சொல்லைத் தேர்வோம்.

> ‘பல்பணி’ அல்லது ‘பல்துறைப் பணி’?

‘பல்பணி’ கணினித் துறையில் மல்ட்டிடாஸ்கிங்குக்குப் போய்விட்டது. ‘பல்துறை’ என்றால் பல துறைகள் சேர்ந்த ஆய்வு என்றே படிப்பவர் நினைப்பார்.

என் பரிந்துரை ‘பணிவழி’. பேராசிரியர் வேலை ஒரு பணிவழி, காப்புரிமை இன்னொரு பணிவழி, கல்லூரியில் கற்பித்தல் மற்றொன்று. எதற்கும் அடைமொழி தேவையில்லை. பன்மை சொல்ல வேண்டிய இடத்தில் ‘பல பணிவழிகள்’ என்றால் போதும்.

> போஸ்ட்டாக் = முதுமுனைவர்

இது வேண்டாம். முனைவர் பட்டத்துக்கும் மேலான டி.லிட். பட்டத்துக்கு அந்தச் சொல் ஏற்கெனவே வழங்குகிறது. போஸ்ட்டாக் என்பது பட்டமே இல்லை. முனைவர் பட்டம் முடித்தபின் ஒருவரின் வழிகாட்டலில் ஆய்வு செய்துகொண்டு தற்காலிகமாக இருக்கும் பயிற்சி நிலை. அது தற்காலிகம் என்பது மறந்துபோய் ஆண்டுக்கணக்கில் நீள்வதுதான் அமெரிக்காவில் பெரிய துயரம். நம்மூரிலிருந்து போனவர்களும் அதில் நிறையப் பேர். ‘முனைவர் பட்ட மேலாய்வாளர்’ புழக்கத்தில் இருக்கிறது. சுருக்கமாக ‘மேலாய்வாளர்’ எனலாம்.

அப்புறம், ஐ.டி.பி. (இண்டிவிஜுவல் டெவலப்மென்ட் பிளான்). இதற்குத் ‘தனிநபர் வளர்ச்சித் திட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைக் கேட்டால் ரேஷன் அட்டையோடு போய் விண்ணப்பிக்கும் அரசுத் திட்டம் போல இருக்கிறது. இது மாணவர் தாமே எழுதிக்கொள்வது. 2012இல் வந்த ‘மை ஐ.டி.பி.’ தளத்தில் திறன், விருப்பம், எதை முக்கியமாகக் கருதுகிறீர்கள் என்று கேட்டு, 20 பணிவழிகளோடு பொருத்திக் காட்டினார்கள். இதற்குப் ‘பணிவழி வரைவு’ என்பது பொருந்தும் என நினைக்கிறேன்.

‘பணிவழி’யில் எனக்கே ஒரு நெருடல் உண்டு. ‘இணையவழி’, ‘அஞ்சல்வழி’ போல, ‘பணிவழிப் பயிற்சி’ என்றால் வேலை செய்துகொண்டே கற்பது என்று பொருள்படுகிறது. அந்த இடத்தில் மட்டும் ‘பணிவழிக்கான பயிற்சி’ என்று விரித்து எழுதிவருகிறேன். இந்தக் குழப்பம் இல்லாத சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்வோம்.

அன்புடன்