அண்ணன் தொலைந்தது என்னைப் பெண் பார்க்க வந்தபோது

தென்காசிச் சாரல்:

வீட்டில் மனநோய் வந்தவர்களைப் பற்றி இங்கே மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு மூன்று நாளாக யோசித்து இதை எழுதுகிறேன். எங்கள் ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன்.

அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் வந்தபோது வயது இருபத்திரண்டு. பாலிடெக்னிக் முடித்து ஒரு ஒர்க்‌ஷாப்பில் லேத் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ பின்னால் நின்று பேசுகிறார்கள் என்று மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பித் திரும்பிப் பார்ப்பானாம். முதல் ஒன்றரை வருடம் கோவில், மந்திரிப்பு, தாயத்து என்றே போனது. அப்புறம்தான் அரசு ஆஸ்பத்திரி. மாத்திரை ஆரம்பித்து நாலைந்து மாதத்தில் தெளிந்துவிட்டான். ரேஷன் வாங்கி வருவான். அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பான். ராத்திரி எட்டு மணி ஆனால் மாத்திரையை அவனே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வான்.

2019-இல் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரப்போகிறார்கள் என்றதும் பெரியம்மா சொன்ன முதல் வார்த்தை, "அவன எங்கயாவது அனுப்பி வைங்க. ரத்தத்துலயே இருக்குன்னு சொல்லிப்புடுவாங்க." மதுரைப் பக்கம் ஒரு சித்தப்பா வீட்டுக்கு அனுப்பினோம். சித்திக்கு நோய் விஷயம் தெரியாது. மாத்திரை அட்டையைப் பார்த்தால் என்ன ஏது என்று கேட்பாள். "நாலு நாள்தானே, ஒண்ணும் ஆகாது" என்றார் அப்பா. அவன் பையிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்து பீரோவுக்குள் வைத்தது நான்தான். இதை எழுதத்தான் மூன்று நாள் ஆனது.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் தடவையும் வந்ததால் நாலு நாள் பதினெட்டு நாளாகிவிட்டது. பத்தொன்பதாம் நாள் காலையில் சித்தப்பா வீட்டில் அவன் இல்லை. செருப்பு வாசலிலேயே கிடந்தது.

காணவில்லை என்று புகார் கொடுத்தோம். மனநிலை சரியில்லாதவன் என்று அதில் எழுத அப்பா விடவில்லை. அடித்து ஒட்டிய நோட்டீஸிலும் சட்டை நிறம், உயரம், கன்னத்து மச்சம் எல்லாம் இருந்தது, அது மட்டும் இல்லை. எவன் கண்ணிலாவது பட்டு "ஐயோ, மாத்திரை சாப்பிடுற பையனாச்சே" என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அந்த வாய்ப்பையும் நாங்களே அடைத்துவிட்டோம்.

ஏழு மாதம் கழித்து ஒரு சிறையிலிருந்து போன் வந்தது. வேறொரு மாவட்டத்தில், ராத்திரி ஒரு வீட்டுக் காம்பவுண்டுக்குள் நுழைந்து கொல்லைப்புறக் குழாயில் தண்ணீர் குடித்திருக்கிறான். திருடன் என்று வேப்பமரத்தில் கட்டிவைத்து அடித்துவிட்டு ஸ்டேஷனில் ஒப்படைத்திருக்கிறார்கள். பெயர் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் அவனுக்குக் காதுக்குள் கேட்கிற குரல்தான் பெரிதாக இருந்திருக்கும். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அதற்கும் சேர்த்து வாங்கியிருக்கிறான். அத்துமீறி நுழைந்து திருட முயன்றதாக வழக்கு, ரிமாண்ட். ஜாமீன் கிடைக்காத பெரிய குற்றமில்லை. ஆனால் பெயரே சொல்லாதவனுக்கு ஜாமீன் நிற்க யார் வருவார்கள்?

அவனைக் கண்டுபிடித்தது அதே பிளாக்கில் இருந்த வயதான கைதி ஒருவர். அவரும் ஒரு காலத்தில் ஃபிட்டர். அண்ணன் சோப்புத் துண்டு, வாழைப்பழக் காம்பு என்று எது கையில் கிடைத்தாலும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரு கண்ணை மூடி அளவு பார்ப்பானாம். அதைப் பல நாள் கவனித்துவிட்டு, "ஏம்ப்பா, நீ லேத்துலயா இருந்த?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஒர்க்‌ஷாப்பின் பெயரைச் சொல்லியிருக்கிறான், தெருவோடு. அதைப் பிடித்துத்தான் அங்கே வரும் இலவச சட்ட உதவி வக்கீல் எங்களைத் தேடிக் கண்டுபிடித்தார்.

மனு போட்டுப் பார்க்கப் போனோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தாடியும் சொறியுமாக நின்றான். அம்மா அழுகிறாள், அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவன் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்: "மாத்திரை கொண்டு வந்தியா?"

ஓய்வு ஏட்டு:

அம்மா, படித்தேன். முப்பத்தோரு வருடம் போலீஸில் இருந்தவன் நான். உங்கள் அண்ணனைப் பிடித்த ஸ்டேஷனில் நான் இருந்ததில்லை. ஆனால் அதைப் போன்ற ஸ்டேஷன்களில் இருந்திருக்கிறேன், எனக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை இருக்கிறது.

1987 மனநலச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் தெருவில் திரிகிறவரைப் பிடித்தால் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோய் உத்தரவு வாங்க வேண்டும். அப்புறம் எஸ்கார்ட் போட்டு சென்னைக் கீழ்ப்பாக்கம். தெற்கு மாவட்டத்திலிருந்து அது ஒரு பகல் ஒரு ராத்திரி. இரண்டு போலீஸ்காரர், பஸ் காசு, வழியில் சாப்பாடு, யார் தருவது? அதனால் நாங்கள் சுலபமான வழியைப் பார்த்தோம். திருவிழாவோ வி.ஐ.பி. வருகையோ வந்தால் பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்களை ராத்திரி லாரியில் ஏற்றி அடுத்த மாவட்ட எல்லையில் இறக்கிவிடுவோம். அவர்கள் எங்கள் பக்கம் இறக்குவார்கள். ஒரு தடவை கையில் அலுமினியத் தட்டோடு ஒரு பெரியவர் இறங்கி நின்று, "சார், நம்ம ஊருக்கு பஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் லாரியில் ஏறிவிட்டேன். ஓய்வு பெற்று இத்தனை வருடமாகியும் அந்தக் குரல் போகவில்லை.

2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் இதை மாற்றிவிட்டது. 100-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மனநோயோடு திரிகிறவரை 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. ஆள் அடையாளம் தெரியாவிட்டால் காணாமல் போனவர் என்று ஸ்டேஷனே எஃப்.ஐ.ஆர். போட்டு வீட்டாரைத் தேட வேண்டும். உங்கள் அண்ணன் பிடிபட்ட 2019-இல் இந்தச் சட்டம் அமலுக்கு வந்தாகிவிட்டது. அன்றைக்கு யாராவது ஒருவர் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் ரிமாண்ட் வரைக்கும் போயிருக்காது.

வெள்ளைச் சேலை:

நான் ஓய்வு பெற்ற நர்ஸ். பெரிய மனநல மருத்துவமனை ஒன்றில் இருபது வருடம். ஏட்டு ஐயா சொல்லும் கீழ்ப்பாக்கம் 1794-இல் தொடங்கிய ஆஸ்பத்திரி. நம் ஆட்களுக்கு அது வெறும் வசவு. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லும். அந்த ஒரு வசவுக்குப் பயந்து எத்தனை பேர் இரண்டு மூன்று வருடம் தாமதமாக வந்தார்கள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வார்டில் ஒரு அம்மா. நன்றாகக் குணமாகி, சமையற்கட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். சேர்க்கும்போது வீட்டார் கொடுத்த முகவரிக்கு ஆள் அனுப்பினோம். அந்தக் கதவு எண்ணில் வெறும் காலி மனை. வேண்டுமென்றே தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த அம்மா இரண்டு சேலையை மஞ்சள் பையில் மடித்து வைத்துக்கொண்டு கேட் பக்கம் உட்கார்ந்திருப்பார். மாட்டுப் பொங்கல் அன்று திரும்பிப் பிரித்து அலமாரியில் வைப்பார். அவரை டிஸ்சார்ஜ் செய்தால் அடுத்த இடம் பிளாட்பாரம்தான். வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் சென்னையில் பான்யன் அமைப்பைத் தொடங்கியதே தெருவில் விடப்பட்ட இப்படிப்பட்ட பெண்களுக்காகத்தான்.

ஜாமீன் என்றதும் அசாம்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார், மச்சாங் லாலுங். 1951-இல் கைதாகி தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். 1967-இல் நலமாக இருக்கிறார் என்று எழுதிக் கொடுத்த பிறகும் வீட்டுக்கு விடாமல் குவாஹாட்டி சிறைக்கு மாற்றினார்கள். விசாரணையே இல்லாமல் 2005-இல் வெளியே வந்தபோது வயது 77. கடைசியில் அவரை விட்டது ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில்.

கடலோரத்தான்:

நான் ராமநாதபுரம் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்து. அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். 28 பேர் செத்தார்கள். தீப்பிடித்தது தெரிந்தும் ஓட முடியவில்லை, காலில் சங்கிலி. ஊரில் எல்லோரும் அன்று அழுதார்கள். ஆனால் சங்கிலி போடக் கூடாது என்று சட்டமே சொன்ன பிறகும், போன வருடம் எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாட்டுத் தொழுவத்தில் சங்கிலிச் சத்தம் கேட்டேன். உள்ளே மாடு இல்லை. அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "வெளிய சொல்லிறாதீங்க தம்பி, பொண்ணு ஒண்ணு இருக்கு" என்றார். தென்காசி அக்கா எழுதியதைப் படித்ததும் அந்த வார்த்தைதான் ஞாபகம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசமாகக் கிடைக்கும் என்று சொல்லி, முதல் தடவை நானே கூட்டிப் போனேன். இப்போது அந்தப் பையன் தொழுவத்தில் இல்லை, திண்ணையில் உட்கார்கிறான்.

தென்காசிச் சாரல்:

எல்லாருக்கும் நன்றி. ஏட்டு ஐயா, உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீங்கள் லாரியில் ஏறியது மாதிரிதான் நானும் பீரோவைச் சாத்தினேன்.

அண்ணன் வெளியே வந்த பிறகு நாங்கள் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். முன்னால் ஒரு பெயர்தான் இருந்தது, இப்போது ஜெயிலுக்குப் போனவன் என்றும் சேர்ந்துவிட்டது. நாலு வீடு பார்த்தோம். ஐந்தாவது வீட்டுக்காரரிடம் அப்பாவே முதலில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மோட்டார் ரிப்பேர் பாப்பாரா?" என்று கேட்டார். பார்ப்பான்.

அந்தப் பெரியவர், ஃபிட்டர், தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டார். மாதம் ஒரு தடவை வந்து அண்ணனோடு டீ குடித்துவிட்டுப் போவார். மாத்திரை டப்பா இப்போது டி.வி. மேலே இருக்கிறது. பெரியம்மா வந்தாலும் அங்கேயேதான் இருக்கும்.

வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை. மருத்துவச் சான்று கொடுத்திருக்கிறோம், வாய்தா தள்ளித் தள்ளிப் போகிறது. இப்படிப்பட்ட வழக்கை முடித்துக்கொண்டு வந்தவர்கள் யாராவது இருந்தால், கோர்ட்டில் என்ன கேட்டார்கள், என்ன காகிதம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.