சோயா லெசித்தின் டிஸ்பர்சன்ட்: எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடுகிறது

கேள்வி (எம்.எஸ்சி. மாணவி):
எண்ணெயைச் சிறு துளிகளாக உடைத்து நீரில் கலக்கவைக்கும் டிஸ்பர்சன்ட் ஒன்று செய்து பார்க்கிறேன். சோயாவிலிருந்து எடுக்கும் லெசித்தின் என்ற கொழுப்புப் பொருளை எத்தனாலில் கரைத்து, கடல்நீரில் மிதக்கும் கச்சா எண்ணெயில் விட்டுக் குலுக்குகிறேன். பழுப்பாகக் கலங்குகிறது, பத்தே நிமிடத்தில் எண்ணெய் திரும்பப் படலமாகிவிடுகிறது. 2017 ஜனவரியில் எண்ணூரில் கப்பல்கள் மோதியபோது வாளி வாளியாக எண்ணெய் அள்ளியதை நேரில் பார்த்தவள் நான். விட மனசு வரவில்லை. என்ன சேர்க்கலாம்?

பதில் 1:
லெசித்தின் எண்ணெய்ப் பக்கமே சாயும். நீரை விரும்பும் துணை ஒன்று வேண்டும். ட்வீன் 80 சேருங்கள், ஐஸ்கிரீமில் போடுவதுதான். இரண்டும் சேர்ந்தால் துளிகள் எளிதில் ஒட்டாது. லெசித்தின்-ட்வீன் 60:40இல் தொடங்கி விகிதத்தை மாற்றிப் பாருங்கள்.

பதில் 2:
துளி சிறிதானால் மட்டும் போதாது தங்கச்சி, கலவை கடல் உயிர்களுக்கு நஞ்சாகவும் இருக்கக் கூடாது. 1967இல் டோரி கேன்யன் கப்பல் உடைந்தபோது இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் எண்ணெயைக் கலைக்கக் கொட்டிய டிடர்ஜென்ட் கலவை, எண்ணெயை விட அதிகமாகப் பாறை நத்தைகளைக் கொன்றது. அதில் இருந்த கரைப்பான்தான் முக்கியக் காரணம். ஆர்டீமியா (உப்புநீரில் வாழும் குட்டி இறால் போன்ற உயிரி) குஞ்சுகளில் உங்கள் கலவையைத் தனியாகவும், எண்ணெயோடு சேர்த்தும் சோதியுங்கள். அப்புறம், எண்ணூரில் கொட்டியது கெட்டியான கப்பல் எரிபொருள். அதில் டிஸ்பர்சன்ட் பெரும்பாலும் சரியாக ஊடுருவாது. ஆழமில்லாத கழிமுகத்திலும் தெளிக்கக் கூடாது.

மாணவி:
நன்றி அண்ணா. ஆர்டீமியா முட்டை இறால் பண்ணையில் கிடைக்கும், நாளைக்கே கேட்கிறேன். ட்வீன் 80 ஆய்வகத்திலேயே இருக்கிறது.